எட்டாவது வார்த்தைக்கு ஆறு அசை

பெரியவளே, சின்னவளே,

நீங்கள் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாலே நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். "நைனாவுக்கு நம்ம படிப்பு புடிக்கல" என்று சின்னவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்படி இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

காரணம் பயம்தான். வேறு எதுவும் இல்லை.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஏதோ ஒரு தொண்டு அமைப்புக்காரர்கள் நம் குப்பத்துக்கு வந்து படகுக்கு இரண்டு வீதம் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். ஷாமியானா போட்டு மைக் வைத்து ஓர் இளைஞர் விளக்கினார். எப்படி மாட்டுவது, கொக்கியை எப்படிப் போடுவது என்று அவர் காட்டியதுவரை கவனித்தோம். அதற்குள் பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டது. தோள்பட்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்ன விளக்கு இருந்ததே, அதைப் பற்றியும் அவர் சொல்லியிருப்பார். எங்கள் காது அங்கே இல்லை. அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆரம்பத்தில் யாரும் அதை மாட்டவில்லை. "இன்னாடா, ஜாக்கெட்டு போட்டுக்கினு கடலுக்குப் போறியா? அப்டியே பூவும் வெச்சிக்கோ" என்று கிண்டல். பாதிப் பேர் அதை மடித்துப்போட்டுக் குந்திக்கொண்டார்கள். உங்கள் சித்தப்பாவும் நானும் மட்டும் மாட்டினோம். அவனுக்குப் புதுப்பொருள் எதுவாக இருந்தாலும் பிடிக்கும். எனக்கு உங்கள் அம்மாவின் ஏச்சுக்குப் பயம்.

மாட்டிய முதல் நாளே ஒன்று நடந்தது. முகத்துவாரத்தில், அதாவது ஏரி கடலோடு சேருகிற வாயில், அலை ஒன்று எகிறி முன்னால் நின்ற சித்தப்பாமேல் விழுந்தது. பட்டப்பகலில் அவன் தோளில் விளக்கு எரிந்தது.

"ண்ணா, இன்னா இது? என் மேல சீரியல் செட்டு எரியுது!"

"தண்ணி பூந்து ஷார்ட் ஆயிடிச்சு. கழட்டு, கழட்டு. ஷாக் அடிக்கப் போவுது."

லுங்கியால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். அணைந்தது. உப்புத்தண்ணீர் பட்டு அதற்குள் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று நான் முடிவு செய்தேன். கடலுக்குப் போகிறவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்வான். பேட்டரி உள்ள எந்தப் பொருளுக்கும் உப்புத்தண்ணீர் எமன். செல்போன் எத்தனை போயிருக்கிறது, டார்ச் எத்தனை போயிருக்கிறது. அதனால்தான் படகில் ஏற்றுகிற எதையும் முதலில் பாலிதீன் கவரில் போட்டு, கவரின் வாயை முறுக்கி மடித்து, சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி அதன்மேல் இறுக்கி மாட்டிவிடுவோம். இந்த வேலையில் நம் குப்பத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. நான் கட்டிய கவருக்குள் ஒரு சொட்டு இறங்காது.

அன்று சாயங்காலமே வலைக் கொட்டகையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு விளக்கையும் கவர் போட்டுக் கட்டினேன். பார்த்தவர்கள் தங்கள் ஜாக்கெட்டையும் கொண்டுவந்து போட்டார்கள். எதிர் வீட்டுப் பெரியப்பா, "எல்லாத்துக்கும் கட்டிட்றா தம்பி, சர்க்கார் கூட இவ்ளோ நீட்டா கட்ட மாட்டான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. குப்பத்து விளக்குகள் அத்தனையும் என் கையால் கட்டப்பட்டன. விளக்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷ் இருந்தது. பார்த்தேன். ரயில் மாதிரி நீளமாக ஒரு வார்த்தை, நடுவில் ஒரு சின்னக் கோடு. பள்ளிக்கூடத்தில் நீளமான வார்த்தை வந்தால் என்னை நிற்கவைத்துப் படிக்கச் சொல்வார்கள், நான் முதல் எழுத்திலேயே நிற்பேன், பின்னால் சிரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டு கவரைப் போட்டுவிட்டேன்.

கார்த்திகை மாதத்தில் என் வலது கையில் கெளுத்தி மீனின் முள் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. ஊசி போட்ட டாக்டரம்மா ஒரு வாரம் தண்ணீரில் இறங்காதே என்றார். எனக்குப் பதில் பக்கத்துத் தெருக் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு உங்கள் சித்தப்பா நம் படகை எடுத்தான். மத்தியானம் புறப்படும்போது வாசலில் வந்து நின்றான்.

"ண்ணா, ஒரு கவர் குடேன். பீடிக்கட்டு நனையுது."

"இல்ல. கடைசி கவரு போன வாரமே போச்சு."

"உனுக்கு எப்பவும் எனுக்குன்னா இருக்காது."

"பீடிய வுட்டுத் தொலையேன்டா. கவரும் வேணாம், இருமலும் இருக்காது."

சிரித்துக்கொண்டே போனான். பொழுது சாய்வதற்குள், கடலில் விட்டிருந்த நண்டு வலையை இழுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

அன்று சாயங்காலம் சின்னவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். பெரியவளே, நீதான் நோட்டும் பென்சிலுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தாய். வீட்டில் இருக்கிற பொருள்களின் மேல் அச்சடித்திருக்கும் கூட்டு வார்த்தைகள் எட்டு எழுதிவர வேண்டும், ஒவ்வொன்றையும் அசை அசையாகப் பிரிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள்.

"கூட்டு வார்த்தைனா இன்னாம்மா?"

"ரெண்டு வார்த்த, நடுவுல சின்னக் கோடு. கோடு போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும் நைனா. ஒண்ணாயி, பின்னால வர்ற பொருளு எப்டிப்பட்டதுனு சொல்லும். தமிழ்ல பெயரடைனு படிச்சோமே, அதுமாரி."

"அசைய எப்டிப் பிரிக்கிறது?"

"கைய தாடைக்குக் கீழ வெச்சிக்கோ. வார்த்தைய மெதுவா சொல்லு. தாடை எத்தினி வாட்டி கைய இடிக்குதோ, அத்தினி அசை."

வீங்காத இடது கையை வைத்தேன். ஆயில் கேனில் இருந்து ஆரம்பித்தோம். டூ-ஸ்ட்ரோக். நீ சொன்னபோது உன் தாடை இரண்டு முறை இறங்கியது. நான் "டூ இஸ்டோக்கு" என்றேன். நான்கு முறை இடித்தது. "நைனா, நீ ஆயில்ல தண்ணி கலக்குற" என்று நீ சிரித்தாய். பால் பாக்கெட்டில் ஃபுல்-க்ரீம். தோசைக்கல்லின் அட்டையில் நான்-ஸ்டிக். பேஸ்ட்டில் லாங்-லாஸ்டிங், அதற்கு மூன்று. தார்ப்பாயில் ஹெவி-ட்யூட்டி, நான்கு. வலைச் சுருளின் சீட்டில் மெஷின்-மேட். அம்மாவின் மகளிர் குழுவில் கருவாட்டுப் பாக்கெட்டுக்கு ஒட்டுகிற லேபிளில் சன்-ட்ரைட்.

அந்தச் சன்-ட்ரைட் எனக்குப் புரிந்துவிட்டது.

"சன்னுனா வெயிலு. ட்ரைட்னா காஞ்சது. எதால காஞ்சது? வெயிலால. அப்ப மெஷின்-மேட்னா, எதால செஞ்சது? மெஷினால."

"கரெக்ட்டு நைனா! பின்னால இருக்குறது இன்னா நடந்திச்சினு சொல்லும். முன்னால இருக்குறது எதாலனு சொல்லும். எல்லாத்துக்கும் இப்டி வராது, ஆனா இந்தமாரி நெறைய இருக்கு."

இத்தனை வருஷம் கழித்து ஓர் இங்கிலீஷ் வார்த்தையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீ அன்று கவனித்தாயோ என்னவோ. ஏழு ஆகியிருந்தது. எட்டாவது வேண்டும். ஆணியில் தொங்கிய என் ஜாக்கெட்டை நானேதான் காட்டினேன்.

"அந்த லைட்டுக்குப் பின்னால ஒரு கோடு போட்ட வார்த்த இருக்கு, பாரு. பெர்சு."

கவருக்கு வெளியே இருந்து எழுத்து தெரியவில்லை. டியூப் வளையத்தைக் கழற்ற உன் விரலுக்குப் பலம் போதவில்லை. "இன்னா நைனா இவ்ளோ டைட்டா கட்டிக்கீற" என்று கத்தரிக்கோலால் வெட்டினாய். கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு படித்தாய்.

"வா. ட்டர். ஆக். டி. வே. ட்டட். ஆறு!"

டிக்ஷனரியைப் புரட்டினாய். ஆக்டிவேட்டட் என்றால் வேலை செய்யத் தூண்டப்பட்டது என்று படித்தாய். நான் அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கற்றுக்கொண்ட கணக்கைப் போட்டுக் காட்டுகிற ஆசையில் சத்தமாகச் சொன்னேன்.

"எதால வேல செய்யும்? தண்ணியால..."

என் வாய் அப்படியே நின்றது. கை இன்னும் தாடைக்குக் கீழேதான் இருந்தது. அதற்குப் பிறகு தாடை கையை இடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் நான் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று முகத்துவாரத்தில் சித்தப்பாவின் தோளில் எரிந்தது கசிவு அல்ல. அது தன் வேலையைச் செய்தது. கடலில் விழுந்தவன் எங்கே இருக்கிறான் என்று காட்டுவதற்காக வைத்த விளக்கு. அதற்குத் தண்ணீர் போக முடியாதபடி நான் கட்டிவைத்திருக்கிறேன். ஒரு சொட்டு இறங்காது.

நீ நோட்டில் எட்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தாய். வெளியே பார்த்தேன். வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பித்திருந்தது. காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. சித்தப்பா வரவில்லை.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டேன். இறால் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"இன்னா மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. தம்பி வந்துட்டானானு பாத்துட்டு வரேன்."

"வருவான். லேட்டா வர்றது புதுசா?"

அவளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று தோன்றியது. எதிர் வீட்டுப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன்.

"பெரிப்பா, படகு எடு."

"இன்னாடா அவசரம்? வாட திரும்பிச்சுனா கொஞ்சம் நின்னுதான் உள்ள வருவானுங்க. வெளிய அலைல குந்திக்கினு இருப்பான்."

"லைட்டு எரியாது பெரிப்பா. நான் கட்டிட்டேன். தண்ணி பட்டாத்தான் எரியுமாம். எல்லாத்தியும் கட்டிட்டேன்."

நான் ஏதோ காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

முகத்துவாரத்தில் படகை நிறுத்திப் பிடித்துக்கொண்டு அலையை எண்ண வேண்டும். பெரிய அலைகள் வரிசையாக வந்து மணல்மேட்டில் உடையும். அவை ஓய்ந்ததும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் தாண்டிவிட வேண்டும். எண்ணாமல் போனவன் கவிழ்வான். பெரியப்பா இஞ்சினைப் பிடித்திருந்தார், நான் முன்னால் நின்று எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. எனக்குள் வேறு ஒன்று எண்ணிக்கொண்டிருந்தது. வா. ட்டர். ஆக். டி. வே. ட்டட். ஆறு முடிந்து மறுபடியும் முதலிலிருந்து. "போவலாமாடா?" என்று அவர் கத்தினார். எத்தனை எண்ணினேன் என்று எனக்குத் தெரியவில்லை. "இரு" என்றேன். இன்னொரு வரிசையைக் கழியவிட்டுத்தான் தாண்டினோம்.

தாண்டியதும் டார்ச் வெளிச்சத்தில் நம் படகைப் பார்த்தேன். குப்புறக் கிடந்தது. நீலம் பூசிய அடிவயிறு மட்டும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

கத்தினோம். காற்று குரலை வாங்கிக்கொண்டு போனது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம், இழுப்பு தெற்கே. தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விளக்குகள். வரிசை வரிசையாக, வெள்ளையும் மஞ்சளுமாக, தண்ணீரில் நிழல் விழுந்து இரண்டு மடங்காக. அதற்குள் எலுமிச்சம்பழம் அளவு விளக்கை எப்படித் தேடுவது? தேடித்தான் என்ன, அது எரியாதே. நான்தான் கட்டியிருக்கிறேனே. அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சித்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று எல்லாம் பார்த்துவிட்டேன். என் கை வலிக்கவில்லை. அப்படி ஒரு கை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

"அதோ, அது இன்னா?" என்றார் பெரியப்பா.

துறைமுகத்து விளக்குகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. ஒன்று மட்டும் அலையோடு மேலே போய்க் கீழே இறங்கியது. மறைந்தது. மறுபடி வந்தது.

நான் நம்பவில்லை. பக்கத்தில் போகும்வரைக்கும் அது யாரோ வலைக்குக் கட்டிய மிதவை விளக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் சித்தப்பா ஆயில் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். தோளில் விளக்கு அவன் காதோரம் எரிந்துகொண்டிருந்தது. கவர் இல்லை.

இழுத்து உள்ளே போட்டதும் முதலில் கூட்டாளியைக் கேட்டான். "வடக்கால... எனுக்கு வடக்கால இருந்தான். கொரலு கேட்டுச்சு. இப்பக் கேக்கல." அவன் கை காட்டிய பக்கம் மெதுவாகப் போனோம். இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டோம். மறுபடி போட்டுக் கொஞ்சம் போய் மறுபடி அணைத்தோம். அந்தக் கூட்டாளிக்கும் உங்கள் வயதில் பிள்ளை இருக்கிறது. எத்தனை முறை அணைத்தோமோ தெரியாது. ஒருமுறை அணைத்தபோது படகின் பக்கவாட்டில் ஏதோ மோதியது. கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். அவ்வளவு கிட்டே வந்த பிறகுதான் அங்கே ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது. தோளில் என் கவர், என் டியூப் வளையம், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருட்டாக அந்த விளக்கு.

கரைக்குத் திரும்பும்போது சித்தப்பா குளிரில் பல் கிடுகிடுக்க என் காதருகே வந்தான்.

"ண்ணா, கோச்சிக்காத."

"இன்னாடா?"

"நீ கட்டின கவர நான்தான் அவுத்துட்டேன். பீடிக்கட்டப் போட்டு வெச்சிக்கினேன். நீ குடுக்கலையே."

அவன் சட்டைப்பையில் அது இருந்தது. இரண்டு பேரும் இத்தனை நேரம் கடல் தண்ணீரில் ஊறியிருந்தார்கள், பீடி மட்டும் காய்ந்திருந்தது. பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "ஒரு பீடி குடுறா, நீ செத்துப் பொழச்சதுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் அவன் ஈரத்தலையைப் பிடித்துக்கொண்டே கரைவரை வந்தேன்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான், உயிர் வந்து சேர்ந்தால் மற்றதைப் பேசமாட்டார்கள். கூட்டாளி மறுநாள் வீட்டுக்கு வந்து என் கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். எனக்குத்தான் அவனை நேராகப் பார்க்க முடியவில்லை. பெரியவளே, உன் நோட்டில் எட்டுக்கும் டிக் போட்டு வந்தது. எட்டாவதற்குப் பக்கத்தில் டீச்சர் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். நீ ஓடிவந்து காட்டினாய், நான் சரி சரி என்றேன். இன்னும் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வார்த்தையை ஒரு மாதம் முன்னாலேயே தாடைக்குக் கை கொடுத்துப் படித்திருக்கலாமே என்றுதான் நீங்கள் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. தம்பிக்குப் பீடிப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் என்றும் தோன்றுகிறது. அப்போது தாடை தானாக ஆடத் தொடங்குகிறது. அதை நீங்கள் பார்க்க வேண்டாம் என்றுதான் எழுந்து போகிறேன். நீங்கள் நிறுத்தாமல் படியுங்கள். வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

படகு கவிழ்ந்ததற்கு மறுநாள் விடிகாலையில், யாரும் எழுந்திருக்கும் முன்னால், நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வலைக் கொட்டகைக்குப் போனேன். குப்பத்து ஜாக்கெட்டுகள் அங்கேதான் கொம்பில் வரிசையாகத் தொங்கின. இடது கையால் ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசியாகக் கூட்டாளியுடையது. அதன் கவரையும் வெட்டி எடுத்துவிட்டு, வெளியே போய் அலையில் விரலை நனைத்துக்கொண்டு வந்து, விளக்கின் பின்னால் இருந்த இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளின்மேல் வைத்து அழுத்தினேன். எரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு லுங்கி முனையால் துடைத்து அணைத்து, எழுத்து தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி மாட்டிவைத்துவிட்டு வந்தேன்.